புழல் ஏரியின் நீர்விமானங்கள்: பதக்கமும் வட்டக்குறியும்

சென்னையின் குடிநீர் ஏரியாக அறியப்படும் புழல் (செங்குன்றம்) ஏரி, இரண்டாம் உலகப் போரில் நீர்விமானத் தளமாகவும் இருந்தது. 1942 முதல் பிரித்தானிய அரச வான்படையின் 240ஆம் அணி கேட்டலினா விமானங்களுடன் இங்கு நிலைகொண்டு வங்கக்கடலைக் கண்காணித்தது.

வீரர்க்குரிய சிறப்பு மார்பில் பதக்கமாக ஏறியது. விமானத்தின் உடலில் தீட்டப்பட்டதோ நாட்டின் வட்டக்குறி. 1942 ஏப்ரல் 4இல் இலங்கையின் கொக்கல ஏரியிலிருந்து பறந்த கேட்டலினா, சப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்புகையில் சுட்டு வீழ்த்தப்பட்டது. சிறைப்பட்ட அதன் தலைவர் பர்ச்சாலுக்குப் பின்னர் வான்பறப்புச் சிறப்புச் சிலுவை கிடைத்தது; குறி தாங்கிய விமானமோ கடலுள் மூழ்கியது.

அவ்வட்டக்குறியின் நடுச்சிவப்பும் நிலைக்கவில்லை. சப்பானியச் செஞ்சூரியனோடு மயங்கித் தம்மவரே சுட நேரும் என்பதால் இப்போர்முனையில் அது நீக்கப்பட்டது. கருநீலமும் வெளிர்நீலமும் எஞ்சின. புழல் ஏரி விமானங்களின் ஒளிப்படங்களுக்குக் காலம் கணிக்க இந்நிறமாற்றம் பெரிதும் துணைசெய்யும்; பதக்கப் பட்டியல்கள் அவ்வகையில் உதவா.