சிக்கனமும் புகையும்

மோட்டார் வண்டி வாங்க எண்ணும் நம்மவர் முதலில் கேட்பது, "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பதே. நியாயமான கேள்விதான். ஆனால், அவ்வண்டியின் புகையை யார் சுவாசிப்பது என்ற மற்றொரு கேள்வியைக் கேட்க நமக்கு நெடுங்காலம் ஆயிற்று. அதன் வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை மின்பொறி கொளுத்துகிறது. கலவையை மிகுதியாக அழுத்தினால் அது தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டும். ஆகவே அழுத்தத்திற்கு ஓர் எல்லை உண்டு. ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலார் வேறு வழி கண்டார். காற்றை மட்டும் மிகுதியாக அழுத்தினால் அது கொதிப்பேறும். அதில் எண்ணெயைத் தூவினால் பொறியின்றியே பற்றிக்கொள்ளும். 1897-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் நடந்த சோதனையில் அவருடைய எஞ்சின் எரிபொருளின் வெப்பத்தில் 26 விழுக்காட்டை வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி எஞ்சின்களில் பெரும்பாலானவை இதில் பாதியைக்கூட எட்டவில்லை.

இச்சிக்கனத்திற்கு ஒரு விலை இருந்தது. தூவப்படும் எண்ணெய் காற்றுடன் முற்றும் கலப்பதில்லை. கலவாத இடத்தில் கரித்துகள் மிஞ்சுகிறது. வெப்பம் மிக்க இடத்தில் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் பிறக்கின்றன. பெட்ரோலும் மாசற்றதன்று. எஞ்சின் தட்டுவதை அடக்க 1920-களில் அமெரிக்காவில் அதில் ஈயச் சேர்மத்தைக் கலக்கத் தொடங்கினர். அவ்வழக்கம் உலகெங்கும் பரவி, குழந்தைகளின் மூளைக்கு ஊறு செய்யும் நஞ்சைத் தெருவெல்லாம் தூவியது.

நம் நாட்டில் திருப்பம் டில்லியில் நேர்ந்தது. வழக்கறிஞர் எம். சி. மேத்தா 1985-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 1995-இல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. ஈயம் அக்கருவியைக் கெடுத்துவிடும் ஆதலின், ஈயமற்ற பெட்ரோலும் உடன் வந்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் விலக்கப்பட்டது. 1998-இல் அந்நீதிமன்றம் இட்ட ஆணையின்படி, டில்லி நகரப் பேருந்துகள் 2002-ஆம் ஆண்டு இறுதிக்குள் டீசலை விட்டு அழுத்திய இயற்கை எரிவாயுவுக்கு மாறின.

ஆனால் கார்கள் எதிர்த் திசையில் சென்றன. லாரிகளையும் உழவர்களையும் கருதி டீசல் விலையை அரசு தாழ்த்தி வைத்திருந்தது. 2010-இல் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு மட்டும் நீங்கவே, இரண்டிற்கும் இடைவெளி பெருகிற்று. சில ஆண்டுகளில் விற்பனையான புதிய கார்களில் ஏறக்குறையப் பாதி டீசல் கார்களாயின. ஏழை உழவருக்கென அளித்த சலுகை செல்வர்தம் கார்களையும் ஓட்டிற்று. டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வு அமைப்பு 2012-இல் அறிவித்தது. 2014-இல் டீசல் விலைக் கட்டுப்பாடும் நீங்கிற்று. மறு ஆண்டே, ஜெர்மனியின் வோல்க்ஸ்வேகன் நிறுவனம் சோதனைச்சாலையில் மட்டும் மாசு குறைந்ததாகக் காட்டும் கணினி நிரலைத் தன் டீசல் கார்களில் பொருத்தியிருந்தமை அமெரிக்காவில் வெளிப்பட்டது.

கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி செவ்வனே இயங்க, முதலில் எண்ணெயில் கந்தகம் குறைய வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் நம் டீசலில் பத்து லட்சத்தில் 10,000 பங்குவரை கந்தகம் இருந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் 10 பங்கே. வடிகட்டியின் செலவு சேரவே, சிறிய டீசல் கார்களைச் செய்வது பல நிறுவனங்களுக்குக் கட்டுபடியாகாமற் போயிற்று. புகையின் விலை வண்டியின் விலையில் சேர்ந்ததும், பழைய சிக்கனத்தில் பெரும்பகுதி மறைந்தது.

அவ்விலை இடையில் இல்லாமல் இருந்ததன்று. சாலையோரம் நடந்தவரும் கடை வைத்திருந்தவரும் பள்ளிச் சிறுவரும் தம் மார்பால் அதனைச் செலுத்தி வந்தனர். இனி வரும் எவ்வகை வண்டிக்கும் கணக்குப் பார்க்கையில், அவர்களையும் சேர்த்தே நாம் கணக்கிடல் வேண்டும்.