எம்பிபிஎஸ் சீட்டுக்கு இன்டர்வியூ உண்டா? 'கொஞ்சம் கூட்டிச் சொன்னா' என்ன ஆகும்?

"மார்க் கம்மியா இருந்தா என்ன சார், ஒரு இன்டர்வியூ இருக்கு, அதுல நாங்க பாத்துக்கிறோம்." நீட் ரிசல்ட் வந்த கையோடு இப்படி ஒரு போன் வந்தால் நம்பலாமா?

எளாவூர், கும்மிடிப்பூண்டி பக்கம் அப்பா சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் வீடுகளில், முதல் தடவையாக ஒரு பிள்ளை டாக்டர் சீட்டுக்கு முயற்சி செய்கிறது என்றால், இதையெல்லாம் விசாரிக்கப் பெரும்பாலும் ஆள் கிடையாது. அதனால் மருத்துவப் படிப்புக்கான இன்டர்வியூ எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, அதில் உண்மைக்கும் மிகைக்கும் என்ன மதிப்பு என்பதைப் பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டில் இப்போது இன்டர்வியூ இருக்கிறதா?

இல்லை. அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீடு, மேனேஜ்மென்ட் சீட், என்ஆர்ஐ சீட் எதுவானாலும் நீட் மதிப்பெண், தரவரிசை, கலந்தாய்வு. இதுதான் வழி. மாநில ஒதுக்கீட்டு இடங்களை சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நிரப்புகிறது. அகில இந்திய ஒதுக்கீடு 15% இடங்களையும் நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களையும் மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு நிரப்புகிறது. இங்கே எங்கேயும் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று யாரும் கேட்பதில்லை.

முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு. புனேயில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரி. அங்கே நீட் மதிப்பெண் அடிப்படையில் பட்டியல் எடுத்து, அந்த மாணவர்களை நேரில் அழைத்து ஆங்கிலம் மற்றும் தர்க்கத் தேர்வு, மனநிலை மதிப்பீடு, இன்டர்வியூ, உடல் தகுதிப் பரிசோதனை எல்லாம் நடத்துகிறார்கள்.

முன்பு இங்கே இருந்ததா?

இருந்தது. அதுவும் சீட்டையே தீர்மானிக்கும் அளவுக்கு.

1970-ல் பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அப்போது மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 இன்டர்வியூவுக்கு. விளையாட்டு மற்றும் என்சிசி, சமூக சேவை, உடல் திடம், பொதுத் திறன், மருத்துவத்துக்கான நாட்டம் என்று தலைப்புகள் வைத்திருந்தார்கள். ஆனால் தலைப்புவாரியாகப் பிரித்துப் போடாமல் மொத்தமாக ஒரே மதிப்பெண் போட்டார்கள். ஒரு மாணவருக்குக் கிடைத்ததோ சில நிமிடங்கள்தான்.

மொத்தமாக மதிப்பெண் போட்டது தவறு என்றது நீதிமன்றம். 275-க்கு 75 என்பது மேலோட்டமாகப் பார்த்தாலே அதிகம் என்றும் சொன்னது. ஆனால் இன்டர்வியூ என்ற முறையே பயனற்றது என்று சொல்லவில்லை.

பத்து வருடம் கழித்து, ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில் இன்னும் தெளிவாகப் பேசியது. இரண்டு மூன்று நிமிடம் பேசிவிட்டு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போடுவது சரியல்ல, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முடிந்தால் இன்டர்வியூவை டேப்பில் பதிவு செய்யுங்கள் என்றது.

1984-ல் தமிழ்நாட்டில் பொது நுழைவுத் தேர்வு வந்தது. அந்தத் தேர்வும் 2006-ம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கி, பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் என்றானது. 2017 முதல் நீட்.

மூன்று நிமிட இன்டர்வியூவில் யார் ஜெயிப்பார்கள்?

நன்றாகப் பேசுபவர்கள். இங்கிலீஷ் தடங்காமல் வருபவர்கள். வீட்டிலேயே ஒரு டாக்டர் இருந்து, என்ன கேட்பார்கள் என்று சொல்லிக்கொடுத்தவர்கள்.

"ஏழைகளுக்குச் சேவை செய்யணும்னு சின்ன வயசுலேருந்தே ஆசை" என்று ஒருவர் சொன்னால், அது நிஜமா, மனப்பாடமா என்று மூன்று நிமிடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? கூட்டிச் சொன்னவருக்கு லாபம், உள்ளதைச் சொல்லத் திணறியவருக்கு நஷ்டம். மிகைப்படுத்தல் வெறும் ஒழுக்கப் பிரச்சினை கிடையாது. இன்னொரு பிள்ளையின் சீட் அதில் போகிறது.

அப்படியானால் வேலூர் சிஎம்சி ஏன் விடாமல் நடத்தியது?

நீட் வருவதற்கு முன்பு வரை வேலூர் சிஎம்சி சொந்தமாக நுழைவுத் தேர்வு நடத்தி, பிறகு மாணவர்களை வேலூருக்கு வரவழைத்துச் சில நாள்கள் வைத்துப் பார்த்தது. குழுவாக வேலை செய்யச் சொல்வார்கள், இன்டர்வியூவும் இருக்கும். படித்து முடித்ததும் சிறிய ஊர்களில் உள்ள மிஷன் மருத்துவமனைகளில் வேலை பார்க்கக்கூடிய ஆளா என்பதை அறிவதுதான் நோக்கம். மூன்று நிமிடம் நடிக்கலாம், மூன்று நாள் நடிப்பது கஷ்டம்.

2017-ல் நீட் கட்டாயமானபோது, சிஎம்சி தன் 100 எம்பிபிஎஸ் இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பிவிட்டு மீதியைக் காலியாக விட்டது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது.

மிகைப்படுத்தல் எவ்வளவு சகஜம்?

பிரிட்டனில் நடந்த ஒரு சங்கதி. அங்கே விண்ணப்பத்தோடு மாணவர்கள் தங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுத வேண்டும். மாணவர் சேர்க்கை அமைப்பான யுகாஸ், சுமார் 50,000 குறிப்புகளைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்தது. 2007-ல் வெளிவந்த முடிவுகளின்படி, 234 பேர் 'எட்டு வயதில் என் பைஜாமாவில் ஓட்டை விழும்படி எரித்துக்கொண்டேன்' என்ற அதே சம்பவத்தை எழுதியிருந்தார்கள். இணையத்தில் கிடந்த ஒரு மாதிரிக் கடிதத்திலிருந்து எடுத்தது. எல்லார் வீட்டிலும் ஒரே பைஜாமா எரிந்திருக்க வாய்ப்பில்லையே!

ஆஸ்திரேலியாவில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, மருத்துவ மாணவர்கள் சேர்க்கையின்போது எழுதிய ஆளுமைத் தேர்வையும், சேர்ந்த பிறகு எழுதிய அதே தேர்வையும் ஒப்பிட்டது. சீட் கிடைக்க வேண்டிய நேரத்தில் பலர் தங்களை மேம்படுத்திக் காட்டியிருந்தார்கள்.

இன்டர்வியூ நல்ல டாக்டரைக் கண்டுபிடிக்கிறதா?

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகம், ஹூஸ்டன். 1979-ல் 150 பேரைத் தேர்வு செய்து முடித்த பிறகு, இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொல்லி மாநில சட்டமன்றம் உத்தரவிட்டது. முதலில் கழித்துவிடப்பட்டவர்களிலிருந்து 50 பேரை எடுத்தார்கள். அவர்கள் பின்தங்கியதற்குப் பெரும்பாலும் காரணம் மார்க் இல்லை, இன்டர்வியூவில் வந்த அபிப்பிராயம்தான். பிறகு இரண்டு குழுவையும் ஒப்பிட்டார்கள். படிப்பிலும் பயிற்சியிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இந்த ஆய்வு 1987-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது.

இப்போது வெளிநாடுகளில் எப்படி?

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2000-களின் தொடக்கத்தில் ஒரு மாற்று வழி கொண்டுவந்தது. பெயர் எம்எம்ஐ. ஒரே அறையில் ஒரே குழு கேட்பதற்குப் பதிலாக, மாணவர் வரிசையாகப் பல அறைகளுக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் சில நிமிடம், ஒவ்வொன்றிலும் வேறு மதிப்பீட்டாளர். "உன் சாதனை என்ன?" என்பதைவிட "இந்தச் சூழலில் நீ என்ன செய்வாய்?" என்பதே அதிகம். ஒருவரின் முதல் அபிப்பிராயம் மொத்தத்தையும் தீர்மானிக்க முடியாது. பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் பல கல்லூரிகளும், சிங்கப்பூரின் லீ கொங் சியான் மருத்துவக் கல்லூரியும் இதைப் பயன்படுத்துகின்றன.

எது தன்னை நன்றாகச் சொல்வது, எது பொய்?

புனேக்கோ வெளிநாட்டுக்கோ இன்டர்வியூ போகும் மாணவர்களுக்கு:

• ரத்த தான முகாமில் நாற்காலி போட்டீர்களா? "நாற்காலி போட்டேன், டோக்கன் கொடுத்தேன்" என்று சொல்லலாம். "முகாமை நடத்தினேன்" என்றால் அது பொய். "எத்தனை யூனிட் வந்தது? யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்?" என்ற அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

• பெரிய சர்டிபிகேட் இல்லையா? பாட்டியை கும்மிடிப்பூண்டியிலிருந்து லோக்கல் ட்ரெயினில் ஸ்டான்லிக்கு அழைத்துப்போய், ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்றிருந்தால், அங்கே என்ன கவனித்தீர்கள் என்று சொல்லுங்கள். அதற்கு எந்த அடுத்த கேள்வி வந்தாலும் உங்களிடம் பதில் இருக்கும்.

• தெரியாததை "தெரியாது" என்று சொல்லலாம். டாக்டர் வேலையில் அது தேவையான குணம். தெரியாத மருந்தைத் தெரிந்ததுபோல எழுதுகிறவரிடம் யார் போவார்கள்?

• சொந்த அனுபவத்தை ஒழுங்குபடுத்திச் சொல்ல, பேசிப் பழக யாரிடம் வேண்டுமானாலும் உதவி கேட்கலாம். அடுத்தவர் அனுபவத்தை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. பொய் என்று பிறகு தெரிந்தால், கொடுத்த இடத்தையே கல்லூரி திரும்பப் பெறலாம்.

தமிழ்நாட்டில் நேர்மை சோதிக்கப்படும் இடம் எது?

இங்கே பேச்சு இல்லை, பேப்பர்தான். 2019-ல் தேனி மருத்துவக் கல்லூரியில் நீட் ஆள்மாறாட்டப் புகார் எழுந்து சிபிசிஐடி விசாரித்தது. 2020 கலந்தாய்வில் போலி நீட் மதிப்பெண் சான்றிதழ் கொடுத்ததாக சென்னையில் வழக்குப் பதிவானது. இன்டர்வியூவில் கூட்டிச் சொன்னால் சீட் போகலாம். சான்றிதழில் கூட்டி எழுதினால் கேஸ்.

எளாவூர் பக்கத்தினர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது நேட்டிவிட்டி சர்டிபிகேட். செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஆந்திரா. தடா, சூலூர்பேட்டை பக்கம் சில வருடம் படித்த பிள்ளை என்றால், எந்த வகுப்பு எங்கே படித்தது என்பதை உள்ளபடியே எழுதி, கேட்கிற சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% ஒதுக்கீட்டுக்கும் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்த விவரம் பார்க்கப்படும். அந்தந்த ஆண்டு விண்ணப்பக் கையேட்டில் உள்ள விதிகளே இறுதியானவை.

கடைசியாக, அந்த போன் கால்

தமிழ்நாட்டு எம்பிபிஎஸ் சேர்க்கையில் இன்டர்வியூ இல்லை. அதனால் "இன்டர்வியூவில் முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்பவர் இல்லாத ஒன்றை விற்கிறார். "நீட்டே வேண்டாம், வெளிநாட்டில் சேர்த்துவிடுகிறோம்" என்றாலும் யோசியுங்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியாவில் டாக்டராக வேலை பார்க்கவும் நீட் தகுதி வேண்டும். பணம் எதுவும் கொடுக்காதீர்கள். போன் நம்பரைக் குறித்துக்கொண்டு, தேர்வுக் குழுவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தைப் பாருங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.