கண்ணுக்கொரு குவியம், தகட்டுக்கொரு குவியம்

1850 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, அமெரிக்க நாட்டின் ஹார்வாட் வானாய்வகத்து 15 அங்குலத் தொலைகாட்டியின் வாயிலாக, வேகா என்னும் விண்மீனின் உருவம் தகட்டிற் பதிந்தது. சூரியன் நீங்கலாக, ஒரு விண்மீன் ஒளிப்படத்தில் அகப்பட்டது அதுவே முதன்முறை. ஆயினும், கண்ணுக்கெனச் செய்த கருவியைப் படத்துக்கும் பயன்படுத்த முனைந்தோர் ஒரு புதிரை எதிர்கொண்டனர். கண்ணுக்கு உருவம் கூர்மையாகத் தோன்றிய இடத்திலே தகட்டை வைத்தால், படம் மங்கலாகவே அமைந்தது.

இதற்குக் காரணம் யாது? கண்ணாடி வில்லை எல்லா நிறங்களையும் ஒரே இடத்திற் குவிப்பதில்லை. மனிதக் கண் மஞ்சளும் பச்சையுமான ஒளியையே மிகுதியாக உணரும். அக்காலத் தகடோ நீலத்தையும் ஊதாவையுமே பெரிதும் உணர்ந்தது. அன்றியும், உருவம் சற்று முன்பின்னாக விழினும் கண் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். தகட்டுக்கு அவ்வாற்றல் இல்லை. ஆகவே தகட்டைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்களை எடுத்து, அவற்றுட் கூரியதைக் கொண்டே குவியத்தைத் துணிய வேண்டியிருந்தது. நீலமும் ஊதாவும் ஓரிடத்திற் கூடாத வில்லைக்கு அந்த உபாயமும் முற்றாகப் போதவில்லை.

நியூயோர்க் நகரத்து லூயிஸ் ரதர்பேட் என்பார் சட்டத்தொழிலைத் துறந்து வானியலை நாடியவர். அவர் 1864 இல், தகடு உணரும் கதிர்களுக்கெனவே திருத்திய 11¼ அங்குல வில்லையொன்றை ஆக்கினார். அதனால் எடுத்த சந்திரப் படங்கள் பெரும்புகழ் பெற்றன. ஆனால் அவ்வில்லை கண்ணுக்கு உதவாததாயிற்று! ஒன்றைப் பெற மற்றொன்றை இழப்பதா? 1868 இல் அவர் 13 அங்குலத் தொலைகாட்டியொன்றை அமைத்தார். அதிலே மூன்றாவது வில்லையொன்றைச் சேர்த்தாற் படத்துக்கும், நீக்கினாற் கண்ணுக்கும் அக்கருவி பயன்பட்டது. 1888 இல் தொழிற்படத் தொடங்கிய லிக் வானாய்வகத்தின் 36 அங்குலத் தொலைகாட்டிக்கும் இம்முறையே கைக்கொள்ளப்பட்டது. அங்கே மூன்றாவது வில்லை மட்டுமே 33 அங்குல அகலமுடையது. அதனைப் பொருத்தியதும் குவியம் பல அடி முன்னே நகர்ந்துவிடும்.

பாரிஸ் நகரத்தில் 1887 இல் கூடிய வானியலறிஞரோ வேறொரு வழியைத் தேர்ந்தனர். வானம் முழுவதையும் படமாக்கும் பெருந்திட்டத்துக்கென, தகட்டுக்கு ஒன்றும் கண்ணுக்கு ஒன்றுமாக இரு வில்லைகளை இணைத்த கருவியை அவர்கள் ஏற்றனர். கண் விண்மீனைத் தொடர்ந்து காவல் செய்ய, தகடு அதனைப் பதிந்தது.

ஆடியோ எல்லா நிறங்களையும் ஒரே இடத்திற் குவிப்பது. லிக் வானாய்வகத்திலேயே 1898 முதல் ஜேம்ஸ் கீலர், குறொஸ்லி என்னும் 36 அங்குல ஆடித் தொலைகாட்டியைக் கொண்டு நெபுலாக்களைப் படமெடுத்தார். கண்ணுக்கு வெறும் புகைத்திட்டாகத் தோன்றியவற்றுட் பல, சுருள் வடிவினவாகத் தகட்டில் வெளிப்பட்டன. அச்சுருள்கள் கோடானுகோடி விண்மீன்கள் செறிந்த தனித் திரள்கள் என்பது 1920 களிலே துணியப்பட்டது.

இன்று தகட்டின் இடத்தை மின்னணு உணரி பெற்றுவிட்டது. எனினும், கண்வில்லையைக் கழற்றிக் கமராவைப் பொருத்துவோர் குவியத்தைப் புதிதாகத் திருத்தியே ஆகவேண்டும். கண் கண்டு நிறைவுற்ற இடத்திலே ஆய்வு முடிந்துவிடுவதில்லை என்பதே, மங்கிய அப்பழைய படங்கள் அறிவியலுக்கு விட்டுச்சென்ற பாடம்.