திருத்தப்பட்ட நாக்கு

உச்சரிப்புக்குச் சரித்திரம் உண்டு என்று நாம் நினைப்பதில்லை. பேச்சு காற்றோடு போய்விடுகிற விஷயம். ஆனால் என் நாக்கைத் திருத்தியவர்கள் கையில் ஒரு புஸ்தகம் இருந்தது. அந்தப் புஸ்தகத்துக்கு வருஷம் உண்டு, ஊர் உண்டு, வர்க்கமும் உண்டு.

நான் கல்லூரியில் ஆங்கிலம் போதித்தவன். 1970களின் பிற்பகுதியில், ஒரு கோடை விடுமுறையில், அயலூரில் நடந்த உச்சரிப்புப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டேன். மரத் தடுப்புகளுக்கு நடுவே ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, டேப்பில் ஓர் ஆங்கிலேயர் சொன்னதை நாங்கள் திரும்பச் சொன்னோம். பிறகு எங்கள் குரலை எங்களுக்கே போட்டுக் காட்டினார்கள். என் குரலை வெளியிலிருந்து அன்றுதான் முதலில் கேட்டேன். பக்கத்திலிருந்தவர் சிரித்தார். பயிற்றுநரும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஊர் திரும்பிய பிறகு ஒரு வருஷம் வகுப்பில் கவிதை எதையும் நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. மாணவர்களைப் படிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புஸ்தகம், லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் இருந்த டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட ஆங்கில உச்சரிப்பு அகராதி. தாம் பதிவுசெய்தது யாருடைய பேச்சு என்பதை ஜோன்ஸ் மறைக்கவில்லை. பிள்ளைகளைப் பெரிய 'பப்ளிக் ஸ்கூல்' விடுதிகளில் படிக்கவைத்த தென் இங்கிலாந்துக் குடும்பங்களின் பேச்சு அது. 'பப்ளிக் ஸ்கூல் உச்சரிப்பு' என்றே முதலில் பெயரிட்டார். 1926இல் அது 'ரிஸீவ்ட் ப்ரொனன்ஸியேஷன்', அதாவது ஏற்கப்பட்ட உச்சரிப்பு, ஆயிற்று. ஏற்றவர்கள் யார் என்பது பெயரிலிருந்து உதிர்ந்துவிட்டது. அதே வருஷம் பி.பி.ஸி. வானொலி, பேச்சு ஆங்கிலத்துக்கென்று ஓர் ஆலோசனைக் குழு வைத்தது. தலைவர் கவி ராபர்ட் பிரிட்ஜஸ், ஜோன்ஸும் அங்கத்தினர். பிரிட்ஜஸ் 1930இல் காலமானதும் தலைமை பெர்னார்ட் ஷாவிடம் வந்தது. ஷா டப்ளின்காரர், பேச்சை வைத்து மனிதனை எடைபோடும் இங்கிலாந்தை 'பிக்மாலியன்' நாடகத்தில் கேலி செய்தவர். ஆக, இந்தப் பயிற்சி நமக்கென்று ஏற்பட்டதல்ல. முதலில் ஆங்கிலேயர்களுக்கே தேவைப்பட்டிருக்கிறது. 1970களில் பீட்டர் ட்ரட்ஜில் போட்ட கணக்கில், இந்த உச்சரிப்பு உடையவர்கள் பிரிட்டிஷ் ஜனத்தொகையில் நூற்றுக்கு 3 பேர். என் காதில் ஓடிய டேப் அந்த மூவருடையது.

இந்திய உச்சரிப்பைச் சிரிக்காமல் ஆராய்ந்தவர்களும் உண்டு. ஹைதராபாதில் 1958இல் தோன்றிய மத்திய ஆங்கில நிறுவனத்திலிருந்து, இந்தியரின் ஆங்கிலம் எவ்வளவு புரிகிறது என்ற ஆர். கே. பன்ஸாலின் ஆய்வு 1969இல் வெளிவந்தது. பிரிட்டிஷ் காதுகளுக்குச் சராசரியாக நூற்றுக்கு 70 அளவில் புரிந்தது. மீதி 30ஐ அலட்சியமாகத் தள்ள எனக்கு மனமில்லை. நோயாளி சொல்வது டாக்டருக்குப் புரியாவிட்டால் சுயமரியாதை பேசிப் பிரயோஜனம் இல்லை. என் புகார் வேறு. இந்த நாக்கில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பயிற்சியில் யாரும் கேட்கவில்லை.

ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து நமக்குச் சரியாக வராது என்றார்கள். 'கம்பன்' என்கிறபோது, மகரத்தை அடுத்து அந்த ஒலியைத்தான் எழுப்புகிறோம். தமிழ்ச் சொல்லுக்கு முதலில் அது வருவதில்லை, அவ்வளவுதான். இன்னொன்று: ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத அசையில் உயிரொலி தேய்ந்துபோகும். 'பனானா'வில் நடுவிலுள்ள உயிர்தான் முழுசாக நிற்கிறது. முன்னதும் பின்னதும் மங்கிவிடுகின்றன. மூன்றையும் நாங்கள் சம எடையில் சொல்லி, திட்டு வாங்கினோம். தொல்காப்பியம் ஒலி பிறக்கும் இடங்களுக்குத் தனியாக ஓர் இயலே வைத்திருக்கிறது. 'பாக்கு', 'காது' என்பவற்றின் இறுதியில் அரை மாத்திரையாகக் குறையும் உகரத்துக்குக் குற்றியலுகரம் என்று நம் இலக்கணம் பெயர் வைத்திருக்கிறது. தேயும் உயிர் நமக்குப் புதிதல்ல. இதை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் எங்களுக்குப் பாதி விளங்கியிருக்கும். பயிற்றுநர் சொல்லவில்லை. குற்றியலுகரத்தைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருந்த எனக்கும் தோன்றவில்லை. டேப்பில் கேட்ட குரலைவிட இதுதான் இன்று எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எதிர்த் திசையிலும் ஒரு முயற்சி நடந்ததுண்டு. ஜே. ஆர். ஃபர்த் தமிழ் உச்சரிப்பைப் பற்றி எழுதிய சிறு விளக்கம் 1934இல் ஆர்டனின் தமிழ் இலக்கணத்தோடு வெளிவந்தது. ழகரம் வராத துரையைப் பார்த்து நாமும் சிரித்திருக்கிறோம், முதுகுக்குப் பின்னால்.

2000களின் ஆரம்பத்தில் என் பழைய மாணவி ஒருத்தி சென்னையில் கால் சென்டரில் ராத்திரி வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்கும் பயிற்சி, இப்போது அதற்கு 'ஆக்ஸென்ட் நியூட்ரலைஸேஷன்' என்று பெயர். "ஸார், 'கார்'னு சொன்னா கடைசி 'ர்' நல்லா கேக்கணுமாம்," என்றாள். லண்டன் மாதிரியில் அந்த 'ர்' கிடையாது. அதை விழுங்குவதற்காக ஒரு கோடை முழுவதும் நான் பாடுபட்டேன். அமெரிக்க மாதிரியில் அது வேண்டும். எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டதை அவளிடம் திருப்பிக் கேட்டார்கள். எஜமானன் மாறினால் 'ர்' திரும்பி வந்துவிடுகிறது.

வெவ்வேறு நாட்டவர் தங்களுக்குள் ஆங்கிலம் பேசும்போது எது புரிய வைக்கிறது, எது இல்லாமலே சமாளிக்கலாம் என்று ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் ஒரு பட்டியல் தந்தார். பல்லிடுக்கில் நாக்கை நீட்டிச் சொல்லும் ஒலி அவசியமில்லை. குறில் நெடில் பேதம் அவசியம். அந்த பேதம் நமக்குப் பால்குடியிலிருந்தே இருக்கிறது.

இப்போது பேசப் பேசவே உச்சரிப்பை மாற்றி அனுப்புகிற மென்பொருள் வந்துவிட்டது. இனி நாக்கை யாரும் திருத்த வேண்டியதில்லை. என் மாணவியின் இடத்தில் இன்று உட்காருகிற பெண் தன் குரலிலேயே பேசலாம்; மறுமுனைக்கு மட்டும் அது போய்ச் சேராது. எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றால் முதலில் கேட்டார்கள் என்று அர்த்தம். அந்தச் சிரிப்பு பரவாயில்லை என்று தோன்றுகிறது.