நடுக்கடலில் நடுங்கிய பாதிரியார்

1736 ஜனவரி 25. அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குப் போற 'சிம்மண்ட்ஸ்' கப்பல் அட்லாண்டிக் புயலில் மாட்டிக்கிட்டு படாதபாடு படுது. உள்ளே ஜான் வெஸ்லி. வயசு 32, ஆக்ஸ்ஃபோர்டில் படிச்ச பாதிரியார், பழங்குடி மக்களுக்குப் போதிக்கக் கிளம்பினவர். ஆனா மனுஷனுக்கு சாவுன்னா உதறல். (அதை டைரியில் மறைக்காம எழுதியிருக்கார், அந்த நேர்மைக்கே ஒரு சலாம்!)

அதே கப்பலில் 26 ஜெர்மானியர்கள், மொரேவியன் சபைக்காரங்க. மத்தவங்க தொடாத எடுபிடி வேலையெல்லாம் காசு வாங்காம செய்யற ஆட்கள். அன்னிக்கு சாயங்காலம் அவங்க சங்கீதம் பாடிட்டு இருக்கும்போதே கடல் மேலேறி, பெரிய பாயைக் கிழிச்சு, தளங்களுக்கு நடுவே தண்ணி கொட்டுது. இங்கிலீஷ்காரங்க ஒரே அலறல். இவங்க? பாட்டைத் தொடர்ந்தாங்க.

அப்புறம் வெஸ்லி ஒருத்தரைப் பிடிச்சுக் கேட்டார், பயமா இல்லையான்னு. இல்லையாம். சரி, பொம்பளைங்க, குழந்தைங்க? அவங்களுக்கும் சாகப் பயமில்லையாம்.

ரெண்டு பேருக்கும் ஒரே பைபிள், ஒரே உயிர்த்தெழுதல் நம்பிக்கை. இறையியலில் வெஸ்லி புலி வேற! ஆனா அந்தப் படிப்பெல்லாம் புயலில் கைகொடுக்கலை. செத்தா ஏசுகிட்ட போறோம்கிறதை பக்கத்து ஊருக்குப் போற மாதிரி அவங்க நம்பினாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

1738-ல் லண்டன் திரும்பி, பீட்டர் போலர்ங்கிற மொரேவியன்கிட்ட போய் உட்கார்ந்தார் வெஸ்லி. அந்த மே 24 ராத்திரி, ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில், தன் பாவமும் மன்னிக்கப்பட்டதுங்கிற உறுதி வந்ததாம். அதுக்கப்புறமும் சந்தேகங்கள் வந்து போச்சு. 1791 மார்ச் 2, 87 வயசில் இறந்தார். பேச்சே சரியா வராத அந்தக் கடைசி ராத்திரியில், ஒரு துதிப்பாட்டைத் திரும்பத் திரும்பப் பாட முயற்சி பண்ணிட்டே இருந்தாராம்.