உத்தரிக்கிற ஸ்தலம்: மயிலாப்பூர்க் கத்தோலிக்கரின் மறுமைக் கோட்பாடு

மயிலாப்பூர் லஸ் ஆலயக் கல்வெட்டு 1516ஆம் ஆண்டைக் குறிக்கிறது. மறு ஆண்டே ஜெர்மனியில் லூத்தர், பாவத் தண்டனையைக் குறைக்கும் ‘பலன்’களின் விற்பனையை எதிர்த்தார். திரிதெந்து சங்கம் 1563இல் உத்தரிக்கிற ஸ்தலக் கோட்பாட்டை உறுதிசெய்தது. 1606இல் உருவான மயிலாப்பூர் மறைமாவட்டம் அதன்வழி நின்றது.

பாவசங்கீர்த்தனத்தால் குற்றம் மன்னிக்கப்படினும் அதற்குரிய அநித்திய தண்டனை எஞ்சும். அதனை இம்மையில் தவத்தாலும் தருமத்தாலும், மறுமையில் உத்தரிப்பாலும் தீர்க்கவேண்டும் என்பதே அதன் சாரம். நரகம் மீளாதது, உத்தரிப்போ முடிவுடையது. ஆகவே வாழ்வோரின் பூசையும் வேண்டுதலும் இறந்தோர்க்கு உதவும். நவம்பர் 2ஆம் நாள் கல்லறை வழிபாடு இந்நம்பிக்கையின் வெளிப்பாடாகும்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மறைப்பணியாளர் இதனை ஏற்கவில்லை. இறந்தோரை நினைவுகூர்வதன்று, அவர்க்காக வேண்டுவதே தமிழ்க் கிறித்தவரிடையே கோட்பாட்டு எல்லையாயிற்று. இன்று வழங்கும் ‘உத்தரிப்பு நிலை’ என்னும் தொடர், தண்டனைக்குரிய இடத்தைவிடத் தூய்மைபெறும் நிலையையே முன்னிறுத்துகிறது.