பினே–சிமோன் அளவுகோல்

பள்ளிக் குழந்தைகளுக்கான முதல் நடைமுறை நுண்ணறிவுச் சோதனை. பாடத்தில் பின்தங்கும் குழந்தைகளுக்கு வழிகாண 1904இல் பிரெஞ்சு அரசு ஒரு குழு அமைத்தது. அதில் இடம்பெற்ற உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, மருத்துவர் தெயோடோர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் இதை வெளியிட்டார்.

மொத்தம் 30 பணிகள். எரியும் தீக்குச்சியைக் குழந்தையின் கண்கள் பின்தொடர்கின்றனவா என்பதில் தொடங்கி, கேட்ட எண்களைத் திருப்பிச் சொல்வது, எடைகளை ஒப்பிடுவது எனப் படிப்படியாகக் கடினமாகும். 1908 திருத்தத்தில் பணிகள் வயதுவாரியாகப் பிரிக்கப்பட்டன.

பினே அளப்பதோடு நிற்கவில்லை. அதுவே அவரது பெருமை. நுண்ணறிவைப் பயிற்சியால் வளர்க்கலாம் என நம்பினார். இதற்காக, சிலைபோல அசையாமல் நிற்கும் விளையாட்டால் குழந்தைகளின் கவனம் பழக்கப்பட்டது.

அமெரிக்காவில் உளவியலாளர் ஹென்றி காடர்டோ இதே சோதனையை வைத்து, அறிவுக்குறை பரம்பரையானது என வாதிட்டார். ஒரு மதிப்பெண்ணைக் காட்டிக் குழந்தையை ஒதுக்குவது பினேயின் நோக்கத்துக்கே எதிரானது.